குளோரின் போட்ட தண்ணீர்: பெங்களூரு வீடுகளில் அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் காலை ஆறு மணிக்குக் கேட்கும் முதல் கேள்வி "காவேரி பந்தா?" என்பதுதான். தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, இந்த ஒரு கேள்வி மட்டும் கன்னடத்தில்தான் வரும். வந்துவிட்டது என்று தெரிந்தால் எல்லாருக்கும் நிம்மதி. வந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி, வீட்டுக்குக் கைக்குழந்தை வந்த பிறகோ யாருக்காவது உடம்பு படுத்திய பிறகோதான் எழுகிறது. தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் 14 வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் அப்போது என்னிடம் வருவார்கள். கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்தப் புகாருக்கு எதைச் சோதிக்க வேண்டும், எந்தச் சோதனை எங்கே ஏமாற்றும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

விஷயம் இதுதான். ஆற்றுத் தண்ணீரில் இலை, மட்கு, பாசி ஆகியவற்றின் சாறு கொஞ்சமாவது கரைந்திருக்கும். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் இந்தச் சாற்றோடும் சேர்ந்து புதுப் பொருள்களை உண்டாக்குகிறது. கிருமிநீக்கத் துணைவிளைபொருள்கள் என்று சொல்வது இவற்றைத்தான். அதிகம் பேசப்படுபவை இரண்டு குடும்பங்கள்: டிரைஹாலோமீத்தேன்கள், ஹாலோஅசெட்டிக் அமிலங்கள். முதல் குடும்பத்தில் நான்கு பேர்: குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபார்ம். ஆய்வகத்தில் சுருக்கமாக டி.எச்.எம். என்போம். ராட்டர்டாம் நகரத்துக் குடிநீரில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் இவற்றைக் கண்டு எழுதியது 1974இல். பெங்களூருக்குக் காவேரி முதல் கட்டக் குழாய் வந்ததும் அதே வருஷம்தான்.

படித்துவிட்டு யாரும் குளோரினை நிறுத்திவிடக் கூடாது. காலராவும் டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் சில நாளில், சில வாரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். துணைவிளைபொருள்களைப் பற்றிய கவலை பல வருஷம் தொடர்ந்து குடிப்பதைப் பற்றியது. நீண்ட காலக் குடிப்புக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவற்றைக் குறைக்கப் போய்க் கிருமிநீக்கத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும். நாம் தேடுவது, தேவைக்கு மேல் போடும் குளோரினையும் அது தின்னக் காத்திருக்கும் அழுக்கையும்தான்.

ஆரம்பிக்கும் முன்: உங்கள் சம்ப்பில் இருப்பது எந்தத் தண்ணீர்?

இதற்கு விடை தெரியாமல் எந்தச் சோதனைக்கும் காசு கொடுக்காதீர்கள். காவேரித் தண்ணீர் மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஹாரோஹள்ளி, தாத்தகுணி நிலையங்களில் மேலேற்றப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி ஊருக்குள் வருகிறது. குளோரின் வழி முழுக்க வேலை செய்துகொண்டே வருகிறது. அதற்குப் பிறகு உங்கள் சம்ப்பில் இரண்டு நாள், மாடித் தொட்டியில் ஒரு நாள். போர் தண்ணீரில் பொதுவாக மட்கின் சாறு குறைவு. உப்பு அதிகம், அதில் புரோமைடும் இருக்கலாம். டேங்கர் தண்ணீர் எந்தப் போரிலிருந்து வந்தது, அதில் யார் எவ்வளவு ஹைப்போ என்ற குளோரின் கரைசலை ஊற்றினார்கள் என்பது லாரிக்கு லாரி மாறும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது மூன்றும் கலந்த தண்ணீர். அப்படியானால் எந்த நாளில் எது எத்தனை லிட்டர் சம்ப்பில் இறங்கியது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாட்டர்மேனிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

அறிகுறி: குழாயைத் திறந்தாலே நீச்சல்குள வாசனை

எல்லாரும் உடனே சொல்வது, "குளோரின் அதிகமாப் போட்டுட்டாங்க." பாதி நேரம் அது தவறு. சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் இருந்தால் லேசான வாசனைதான் வரும். கண்ணைக் கரிக்கும் அந்த நீச்சல்குள நெடி பெரும்பாலும் குளோராமின்களிடமிருந்து வருகிறது; குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாகும் பொருள்கள் அவை. குடிநீர்ச் சம்ப்பில் அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

டி.பி.டி. கிட் ஒன்று வாங்குங்கள்; தண்ணீரில் உள்ள குளோரினை நிறத்தை வைத்து அளக்கும் பெட்டி அது. 1ஆம் எண் மாத்திரையைப் போட்டால் வரும் இளஞ்சிவப்பு, எதோடும் சேராமல் இருக்கும் தனிக் குளோரினைக் காட்டும். அதே சோதனைக் குழாயில் 3ஆம் எண் மாத்திரையையும் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோராமின். தனிக் குளோரின் 0.1, மொத்தம் 1.2 என்று வந்தால் உங்கள் பிரச்சினை குளோரின் அதிகமானது இல்லை, அம்மோனியாதான். சம்ப்புக்குப் பக்கத்தில் கழிவுநீர்ச் சேம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூருவின் பழைய 30க்கு 40 மனைகளில் இரண்டும் நாலடி தூரத்தில் இருப்பது சாதாரணம். சுவரில் ஒரு விரிசல் போதும். இந்த நிலையில் முதலில் கொடுக்க வேண்டியது அம்மோனியாச் சோதனையும் மலக்கிருமியான ஈ.கோலைச் சோதனையும், டி.எச்.எம். பிறகு. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் அம்மோனியாவுக்கு வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தனிக் குளோரினே 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது உண்மையிலேயே கூடுதல் குளோரின். காவேரி மீட்டருக்குப் பக்கத்தில், சம்ப்பில் விழும் முன் உள்ள குழாயில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். அங்கே 0.3, சமையலறையில் 1.5 என்றால் அந்தக் குளோரினைப் போட்டது உங்கள் கட்டடத்தில் இருப்பவர்தான்.

குளோரோஸ்கோப் என்று மஞ்சள் நிறம் காட்டும் பழைய பெட்டி ஒன்று இன்னும் பல கட்டடங்களில் இருக்கிறது. அதில் இருப்பது ஆர்த்தோடாலிடின், நச்சுப் பொருள். குளோரினையும் குளோராமினையும் அது நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. மேலே சொன்ன வித்தியாசத்தை அதை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் கட்டடத்தில் அதை எடுத்துவிடச் சொன்னேன்.

அறிகுறி: வாசனை தூக்குகிறது, கிட்டில் நிறமே வரவில்லை

இதைப் பார்த்து "குளோரினே இல்லை" என்று முடிவு செய்து இன்னும் ஒரு மக் ஹைப்போ ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் குளோரின் டி.பி.டி. நிறத்தையே வெளுத்துவிடும். மாத்திரை விழும் கணத்தில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி மறைந்தால் அதுதான் அடையாளம். ஒரு பங்கு தண்ணீரோடு குளோரின் இல்லாத தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டரோ ஆர்.ஓ. தண்ணீரோ, ஒன்பது பங்கு சேர்த்து மறுபடி சோதியுங்கள். வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். நிறம் வந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். புதுத் தண்ணீர் சேர்த்து அளவு இறங்கும்வரை காத்திருங்கள்.

அறிகுறி: டிங்க்சர் வாசனை, ஆஸ்பத்திரி வாசனை

இது பெரும்பாலும் குளோரோஃபீனால். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். குளோரின் ரப்பர் வாஷரோடோ, புதிதாக ஒட்டிய குழாயின் பசையோடோ, தொட்டிக்குள் அடித்த பூச்சோடோ சேர்ந்தால் வரும். சமீபத்தில் பிளம்பர் எதையாவது மாற்றினாரா என்று கேளுங்கள். ஒரே ஒரு குழாயில் மட்டும் வருகிறதென்றால் அந்தக் குழாயின் வாஷரை மாற்றினாலே போய்விடும். மழை பெய்த மண் வாசனை என்றால் அது வேறு. பாசியும் சில நுண்ணுயிர்களும் விடும் ஜியோஸ்மின். கெடுதல் இல்லை.

டி.எச்.எம். நமது குழாயில் இருக்கக்கூடிய அளவில் வாசனையும் நிறமும் சுவையும் தராது. வாசனை நல்ல துப்பு. ஆனால் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் அது எதையும் சொல்லாது.

அறிகுறி: "டி.டி.எஸ். 40தான் காட்டுது, அப்புறம் என்ன?"

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடும் கருவி. குளோரோஃபார்மில் மின்சாரம் ஓடாது. ஓடினாலும் அளவு பொருந்தாது: மீட்டர் எண்ணுவது மில்லிகிராம், நாம் தேடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம். டி.டி.எஸ். 40 உள்ள தண்ணீரிலும் டி.எச்.எம். வரம்பைத் தாண்டியிருக்கலாம், 900 உள்ள போர் தண்ணீரில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

இதோடு இன்னொன்று. ஃபில்டர் விற்க வருபவர் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு ஸ்விட்சைப் போடுவார். குழாய்த் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். எதிர் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடவே யோசித்தார். கலங்கியது கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவாக இருப்பதால் மின்சாரம் ஓடவில்லை, இரும்பும் கரையவில்லை. அடுத்த முறை வந்தால் அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும்.

அறிகுறி: ஆய்வக அறிக்கையில் நான்குமே "கண்டறியப்படவில்லை"

நிம்மதி அடையும் முன் மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். என் அனுபவத்தில் டி.எச்.எம். முடிவுகள் கெடுவது கருவியில் இல்லை, குழாயடியில்தான்.

இந்தப் பொருள்கள் ஆவியாகும். குளோரோஃபார்ம் கொதிப்பது 61 டிகிரியில். அறை வெப்பத்திலேயே காற்றுக்குப் போய்விடும். அரை பாட்டில் பிஸ்லேரியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, பையில் குலுங்கக் குலுங்கப் பீன்யா தொழிற்பேட்டைவரை கொண்டு போனால், பாட்டிலில் உள்ள காற்றுக்கு ஒரு பங்கு போயிருக்கும். எண் குறையும். இன்னொரு பக்கம், தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் வழியெல்லாம் புது டி.எச்.எம். உண்டாக்கிக்கொண்டே இருக்கும். எண் ஏறும். இரண்டு தவறும் ஒரே பாட்டிலில் நடந்தால் பார்க்க நம்பும்படியான ஓர் எண் வரும். அதற்கு எந்த அர்த்தமும் இருக்காது.

சரியாக எடுக்கும் முறை:

1. ஆய்வகத்திடம் 40 மில்லிலிட்டர் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் கேளுங்கள். மூடிக்குள் டெஃப்லான் பூசிய செப்டம், அதாவது அடைப்பு வில்லை, இருக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும். சோடியம் தயோசல்ஃபேட் அல்லது அஸ்கார்பிக் அமிலம். மிச்சக் குளோரினை நிறுத்துவது அதுதான். சுத்தம் செய்கிறேன் என்று கழுவிவிடாதீர்கள். வெறும் பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டும் ஆய்வகத்தில் இந்தச் சோதனையைக் கொடுக்க வேண்டாம்.

2. குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். அது காற்றைக் கலக்கும். கீசர் குழாயில் எடுக்காதீர்கள். சூட்டில் தேங்கிய தண்ணீரில் டி.எச்.எம். கூடுதலாக உண்டாகியிருக்கும். டீ சீக்கிரம் கொதிக்கட்டும் என்று கீசர் தண்ணீரைப் பிடிப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

3. தண்ணீரை மூன்று நிமிடமாவது ஓடவிட்டு, பிறகு நூல் போல் மெல்லியதாக்கி, குப்பியைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு வழியும்படி நிரப்புங்கள். வழிந்து ஓடவிடக் கூடாது, தூள் போய்விடும். வாய்க்கு மேல் தண்ணீர் ஒரு முத்து போல் குவிந்து நிற்கும்போது மூடுங்கள்.

4. தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். குமிழி மேலேறினால் அந்தக் குப்பி போச்சு. திறந்து ஊற்றி ஒப்பேற்றாமல் புதுக் குப்பியில் எடுங்கள். எனக்கே மூன்றாவது முயற்சியில்தான் கை பழகியது.

5. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு குப்பிகள். ஐஸ் பொதியோடு தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். உறையவிட்டால் கண்ணாடி வெடிக்கும். 14 நாள்வரை தாங்கும் என்பது முறை. அன்றே கொடுத்துவிடுவது உத்தமம்.

ஹாலோஅசெட்டிக் அமிலங்களும் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் குப்பி, தனித் தூள். வழக்கமாக அம்மோனியம் குளோரைடு. அவை ஐ.எஸ். 10500 பட்டியலில் இல்லாததால் "முழுச் சோதனை" என்று பணம் கட்டினாலும் வராது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாதிரி சரியாக இருந்தும் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், பக்கத்தில் உள்ள எல்.ஓ.க்யூ. எண்ணைப் பாருங்கள், அவர்களால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு அது. 0.05 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 50 மைக்ரோகிராம். நான்கும் தலைக்கு 49 இருந்தாலும் அறிக்கை வெறுமையாகத்தான் வரும், கூட்டினால் 196. ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரோகிராம்வரை அளக்க முடிகிற ஆய்வகமாகத் தேர்ந்தெடுங்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைக்கு என்ற பட்டியல் தனியாக இருக்கும். அதில் டிரைஹாலோமீத்தேன் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

அறிகுறி: குளோரோஃபார்ம் மட்டும் எகிறியிருக்கிறது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு குடியிருப்பிலிருந்து வந்த எட்டு மாதிரியிலும் குளோரோஃபார்ம் அதிகம், மற்ற மூன்றும் ஏறக்குறைய இல்லை. போர் தண்ணீர் வந்த குழாயிலும் அதே எண். குடியிருப்புக்காரர்கள் பயந்து சம்ப் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள். கோடைக்காலம், அத்தனை தண்ணீர். பிறகுதான் வெறும் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பிய குப்பியைக் கருவியில் விட்டுப் பார்த்தோம். அதிலும் அதே குளோரோஃபார்ம். அடுத்த அறையில் சோப்புத்தூள் மிச்சம் பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சோதனைக்குக் கரைப்பானே குளோரோஃபார்ம்தான். காற்றில் பரவி எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த குப்பிகளுக்குள் போயிருக்கிறது. அந்த வெற்றுக் குப்பியை முதலிலேயே பார்த்திருந்தால் அவ்வளவு தண்ணீர் சாக்கடைக்குப் போயிருக்காது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால் ஆய்வகத்திடம் ஒரு வெற்றுக் குப்பியும் கேளுங்கள். அவர்களே சுத்தத் தண்ணீர் நிரப்பி மூடித் தர வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்து, திறக்காமல், மற்றக் குப்பிகளோடு திரும்பிப் போக வேண்டும். அதில் குளோரோஃபார்ம் இருந்தால் மற்ற எண்களை நம்பாதீர்கள்.

வெற்றுக் குப்பி சுத்தமாக இருந்து, குளோரோஃபார்ம் முன்னணியில் இருந்தால், அது ஆற்றுத் தண்ணீரின் இயல்பான முகம். புரோமின் உள்ள மூன்றும் தூக்கலாக இருந்தால் போர் தண்ணீரின் புரோமைடு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கியபின், அதுவரை போரையே நம்பியிருந்த 110 கிராமப் பகுதிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் போகிறது. அங்கெல்லாம் ஒரே சம்ப்பில் ஆற்றின் மட்குச் சாறும் போரின் புரோமைடும் சேர வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் மொத்த எண்ணை மட்டும் கேட்காமல் நான்கையும் தனித்தனியாக வாங்குங்கள்.

ஏன் தனித்தனியாக என்றால், வரம்புகள் தனித்தனி. ஐ.எஸ். 10500இல் லிட்டருக்குக் குளோரோஃபார்ம் 200 மைக்ரோகிராம், புரோமோடைகுளோரோமீத்தேன் 60, மற்ற இரண்டும் தலைக்கு 100. உலக சுகாதார நிறுவனம் குளோரோஃபார்முக்கு 300 என்கிறது, மற்றவை அதே எண்கள். கூடவே ஒவ்வொன்றையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்டினால் 1ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் நான்கும் சேர்ந்து ஆண்டுச் சராசரி 80. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். குளோரோஃபார்ம் 90, புரோமோடைகுளோரோ 30, டைபுரோமோகுளோரோ 25, புரோமோஃபார்ம் 5. நமது தரத்தின்படி நான்கும் தேர்வு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 0.30, 0.50, 0.25, 0.05, கூட்டினால் 1.10. தாண்டிவிட்டது. அறிக்கையில் "தரத்துக்கு உட்பட்டது" என்று எழுதியிருந்தாலும், இந்தக் கூட்டலை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: காவேரி வாயிலில் குறைவு, சமையலறையில் பல மடங்கு

நீங்களே சரிசெய்ய முடிந்தது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த கோளாறும் இதுதான். மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள்: மீட்டர் பக்கக் குழாய், சம்ப், ஃபில்டருக்கு முந்தைய சமையலறைக் குழாய். எண் எங்கே தாவுகிறதோ அங்கே வேலை.

சம்ப்பில் தாவினால் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வழவழவென்று சேறு, ஓரத்தில் வேர், மூடி விளிம்பில் அழுகிய இலை. குளோரினுக்கு இவ்வளவு சாப்பாடு வைத்தால் அது வேலை செய்யத்தானே செய்யும். பல கட்டடங்களில் சுத்தம் செய்வது எப்படி நடக்கிறதென்றால், சேற்றைச் சுரண்டாமலே பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி, ஒரு மணி நேரம் விட்டு, அதன் மேலேயே புதுத் தண்ணீரை விடுகிறார்கள். துணைவிளைபொருள் உண்டாக்க இதைவிட நல்ல வழி கிடையாது. முதலில் தண்ணீர் வற்ற வேண்டும், சேறு வெளியே வர வேண்டும், சுவரைத் தேய்க்க வேண்டும், அதன் பிறகே குளோரின். கழுவிய குளோரின் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர். ஆளை இறக்கும் முன் மூடியை நீண்ட நேரம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். சேற்றைச் சுரண்டி எடுக்கும் முன் உள்ளே குளோரின் தெளிக்கவே கூடாது.

அளவு விஷயம். எங்கள் வாட்டர்மேன் கிருஷ்ணகிரிக்காரர்.

"எவ்வளவுண்ணா போடுறீங்க?"

"ரெண்டு கை அள்ளிப் போடுவேன்க்கா. வாசனை வரலேன்னா இன்னொரு கை."

அவர்மேல் தப்பில்லை, யாரும் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கணக்கு இவ்வளவுதான்: 10,000 லிட்டர் சம்ப்புக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 10 கிராம் குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும் என்பதால் 30 கிராம் தூள். 10 சதவீத ஹைப்போ என்றால் 100 மில்லிலிட்டர், ஒரு டீ டம்ளர். அரை மணி நேரம் கழித்துக் கிட்டில் 0.2க்கும் 0.5க்கும் இடையில் இருந்தால் போதும். காவேரித் தண்ணீர் ஏற்கெனவே 0.2க்கு மேல் கொண்டுவந்தால் எதுவுமே போட வேண்டாம். இப்போது பம்ப் அறைச் சுவரில் ஒரு டீ டம்ளரும் இந்தக் கணக்கும் தொங்குகின்றன.

சம்ப் சரி, மாடியில்தான் தாவுகிறது என்றால் காரணம் நேரமும் வெயிலும். கருப்புத் தொட்டி மே மாதத்தில் கொதித்துப் போகும். சூட்டில் வினை வேகமாக நடக்கும். தொட்டி பெரிதாக இருந்து வீட்டில் ஆள் குறைவென்றால் தண்ணீர் மூன்று நாள்கூட அங்கேயே கிடக்கும். மிதவை வால்வைத் தாழ்த்தி ஒரு நாள் தேவைக்கு மட்டும் நிரப்புங்கள்.

அறிகுறி: ஃபில்டர் இருந்தும் எண் இறங்கவில்லை

புற ஊதா விளக்கு மட்டும் உள்ள கருவி டி.எச்.எம்.மைத் தொடாது. ஆர்.ஓ. சவ்வு ஹாலோஅசெட்டிக் அமிலங்களை நன்றாகத் தடுக்கும். குளோரோஃபார்ம் சின்ன மூலக்கூறு, ஒரு பங்கு நுழைந்துவிடும். அதைப் பிடிப்பது கருவிக்குள் இருக்கும் கரித்தூள் காட்ரிஜ்தான். கரி குளோரினை நெடுநாள் பிடிக்கும், குளோரோஃபார்மைக் குறைந்த நாளே பிடிக்கும். அதனால் தண்ணீர் வாசனையில்லாமல் வருகிறது என்பதை வைத்துக் காட்ரிஜ் இன்னும் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் ஒரு ஜோடி மாதிரி எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டு எண்ணும் நெருங்கிவிட்டால் கரியை மாற்றுங்கள்.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு: மூடி இல்லாமல் நன்றாகத் தளதளவென்று ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் டி.எச்.எம்.மின் பெரும்பகுதி போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போவது சமையலறைக் காற்றுக்குத்தான். தட்டுப் போட்டு மூடிக் கொதிக்க வைத்தால் அந்தப் பலன் குறையும். ஹாலோஅசெட்டிக் அமிலங்களுக்கு இந்த வழியை நம்ப வேண்டாம்; அவை ஆவியாவதில்லை. நீண்ட நேரம் சுண்டவிட்டால் சில இன்னும் அடர்ந்துதான் போகும்.

கடைசியாக, கேனைப் பாருங்கள்

ஹைப்போ கேன் வெயிலில் கிடந்தால் குளோரின் வலு இறங்கும், அதில் ஒரு பங்கு குளோரேட்டாக மாறும். வலு இறங்கியதால் அதிகம் ஊற்றுவார்கள். அதிகம் ஊற்றினால் குளோரேட்டும் அதிகம் சேரும். உலக சுகாதார நிறுவனம் குளோரேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். எங்கள் மொட்டை மாடியில் 50 லிட்டர் டிரம் ஒன்று எப்போது வாங்கியது என்றே தெரியாமல் இருந்தது. இப்போது ஐந்து லிட்டர் கேனாக வாங்கி, படிக்கட்டுக்கு அடியில் நிழலில் வைத்து, வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதுகிறார் வாட்டர்மேன்.

மாதிரி எடுக்க வருஷத்தில் இரண்டு தருணம் போதும்: மே மாதக் கடும் வெயிலில் ஒன்று, தென்மேற்குப் பருவமழையில் காவேரி கலங்கி வரும் ஜூலை, ஆகஸ்டில் ஒன்று. இரண்டையும் அதே குழாயில், அதே ஆய்வகத்தில் கொடுங்கள். எங்கள் மே மாத எண்கள் பம்ப் அறைக் கணக்குக்குக் கீழே ஒட்டியிருக்கின்றன, பக்கத்துக் கட்டம் ஜூலைக்காகக் காலியாக இருக்கிறது.